கோடையில் வெறுங்கால்: சூட்டை அளப்பதிலும் வலியை அறிவதிலும் நேரும் தவறுகள்

தமிழ்நாட்டில் வெறுங்காலோடு நடப்பதை யாரும் யோசித்து முடிவெடுத்துச் செய்வதில்லை. வீட்டுக்குள்ளும், கோயில் பிராகாரத்திலும், வயல் வரப்பிலும், கடற்கரை மணலிலும் செருப்பில்லாமல் நடந்தே பெரும்பாலோர் வளர்கிறோம். ஆகவே, கோடை முடியும்வரை செருப்பைக் கழற்றவே கூடாது என்று எழுதுவதால் எவருக்கும் பயனில்லை. உள்ளங்காலுக்கு இயற்கை கொடுத்திருக்கும் காவல் ஒன்றே ஒன்றுதான்: சுட்டால் வலிக்கும், வலித்தால் கால் விலகும். கால் உணர வேண்டும், விலகி வைக்க இடமும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாத இடத்தில்தான் கோடைக்காலக் காயங்கள் பெரும்பாலும் நேர்கின்றன.

திருத்திக்கொள்ள வேண்டியவற்றுள் முதலாவது, வானிலை அறிக்கையைக் காலுக்கு அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம். அறிக்கையில் வரும் வெப்பநிலை, தரைக்கு மேலே ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில், வெயில் படாத காற்றோட்டமான பெட்டிக்குள் அளக்கப்படும் காற்றின் வெப்பநிலையாகும். கத்திரி வெயில் நாட்களில் அது 40 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, நேர் வெயிலில் கிடக்கும் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. தோல் வெந்துபோக 44 டிகிரியில் சுமார் ஆறு மணி நேரம் ஆகும் என்றும், 60 டிகிரியில் சில நொடிகளே போதும் என்றும் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் ஆகிய இருவரும் 1947இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. உள்ளங்காலின் தடித்த தோல் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கக்கூடும். ஆனால் அந்தக் கூடுதல் நேரம், சாலையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நிதானமாக நடந்து கடக்கும் அளவுக்குக்கூட நீளாது.

நேரத்தைக் கணிப்பதிலும் இதே பிழை நேர்கிறது. உச்சிவேளை கடந்துவிட்டது, இனி நடக்கலாம் என்று பலர் இறங்கிவிடுகின்றனர். உண்மையில் தரையின் சூடு உச்சத்தை எட்டுவது உச்சிவேளைக்குப் பிறகுதான். அதிலும் கனத்த கருங்கல் தளம், பகலெல்லாம் வாங்கிய சூட்டை மாலை வெயில் சாய்ந்த பின்னரும் விடாமல் வைத்திருக்கும். கடிகாரத்தைப் பார்ப்பதைவிடப் புறங்கையைத் தரையில் ஐந்து நொடி வைத்துப் பார்ப்பது மேல். கை தாங்காத தரையில் காலை வைக்க வேண்டாம்.

ஒரே வெயிலில் கிடக்கும் மரப்பலகையும் கருங்கல்லும் ஒரே மாதிரி சுடுவதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. கல் தன்னிடமுள்ள வெப்பத்தை விரைவாகக் காலுக்குக் கடத்துகிறது. மரம் மெதுவாகவே கடத்துகிறது. பூக்குழி இறங்குகிறவர்களுக்கே ஒன்றும் ஆவதில்லை, பிராகாரச் சூடு நம்மை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கும் இதில்தான் விடை இருக்கிறது. அடுப்புக்கரித் தணல் வெப்பத்தைக் குறைவாகக் கடத்தும் பொருள். அதில் ஒவ்வோர் அடியும் ஒரு நொடிக்கும் குறைவாகவே படுகிறது, அடிகளும் சிலவே. (அப்படியிருந்தும் அங்கே தயங்கி நின்றவர்களுக்குத் தீக்காயம் ஏற்படுவதுண்டு. இது எவருடைய நேர்த்திக்கடனையும் குறைத்துச் சொல்வதற்காக எழுதப்படுவதன்று.) பிராகாரத்தை வலம் வருகிறவரோ நூற்றுக்கணக்கான அடிகள் வைக்கிறார், வரிசையில் நிற்க நேர்ந்தால் ஒரே கல்லின் மேல் நிமிடக்கணக்கில் நிற்கிறார்.

கோயிலுக்குச் செல்வோர் பெரும்பாலும் உள்ளே என்ன ஆகும் என்றே எண்ணுகிறார்கள். உண்மையான தொல்லை வெளியே காத்திருக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயில் போன்று நான்கு திசையிலும் கோபுர வாயில் உள்ள இடத்தில், கிழக்கு வாயிலருகே செருப்பை விட்டுவிட்டு, தரிசனம் முடிந்து வேறொரு வாயில் வழியாக வெளியே வந்துவிட்டால், செருப்பு இருக்கும் இடம் வரையிலான வீதியை வெயிலில் வெறுங்காலோடு சுற்றியாக வேண்டும். உள்ளே தேங்காய் நார் விரிப்போ வெள்ளை வண்ணம் பூசிய பாதையோ இருக்கலாம். வீதியில் அவை இரா. எந்த வாயிலில் செருப்பை விட்டோமோ அதே வாயிலில் திரும்புவது, அல்லது செருப்பைத் துணிப்பையில் போட்டு வெளியேறும் வாயிலருகே விட்டுவிட்டு உள்ளே போவது என்பதைச் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். உள்ளேயும், சுடுகிறதென்று ஓடுவது சரியன்று. கூட்டத்தில் இடறி விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும் அதே கல்லில்தான் படும். சூட்டைத் தணிக்க ஊற்றிய தண்ணீர் தேங்கி நிற்கும் வழுவழுப்பான தளமும், பாசி படர்ந்த தெப்பக்குளப் படியும் சூட்டைவிட ஆபத்தானவை. எலும்பு முறிவு கொப்புளத்தைப் போல ஒரு வாரத்தில் ஆறாது.

இதுவரை சொன்னவை கால் உணரும் என்ற நம்பிக்கையில் சொன்னவை. கால் உணராதவர்களுக்கு இவற்றுள் எதுவுமே பொருந்தாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. சர்க்கரை நெடுநாள் கட்டுக்குள் இல்லாதபோது முதலில் பழுதுபடுவனவற்றுள் பாத நரம்புகளும் அடங்கும். அத்தகையவர் சுடுகல்லில் ஒரு சுற்று நடந்து, வீட்டுக்கு வந்து, கால் கழுவும்போதுதான் கொப்புளத்தைப் பார்க்கிறார். பார்வையும் மங்கியிருந்தால் அதையும் பார்ப்பதில்லை. “எனக்குச் சுடவே இல்லை, பழகிப்போன கால்” என்று பெரியவர் ஒருவர் பெருமையாகச் சொன்னால், பாராட்டுவதற்கு முன்னால் அவருக்குச் சர்க்கரை அளவு பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று கேட்க வேண்டும்.

வலி இல்லாத காலுக்கு என்ன நேரும் என்பதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர்களுள் ஒருவர், 1946இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பணியாற்ற வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் நோயால் தாமாகவே அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் கவனிக்கப்படாத காயங்கள்தான் அவற்றைச் சிதைக்கின்றன என்று அவர் நிறுவினார். அவர்களுக்காக அங்கே உருவான மெத்தென்ற எம்.சி.ஆர். (நுண்ணறை) ரப்பர் செருப்பு, இன்று நீரிழிவு நோயாளிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. பாத உணர்ச்சி குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, காலுறை மட்டும் அணிந்தும் நடக்கக் கூடாது என்பதே நீரிழிவுப் பாதம் குறித்த பன்னாட்டு வழிகாட்டுதல். கோயிலுக்குப் போகாமல் இருக்க மனம் ஒப்பாதவர்கள் விடியற்காலையிலோ இரவிலோ செல்லலாம், சக்கர நாற்காலி கேட்கலாம். தரைச் சூட்டைத் தம் காலால் பார்க்காமல் உடன் வருபவரின் கையால் பார்க்கச் சொல்லலாம். திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது கட்டாயம்.

இடுப்பில் தூக்கிவந்த குழந்தையைக் கை வலிக்கிறதென்று சட்டென வெயில் தரையில் இறக்கிவிடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. குழந்தைக்கு வலி தெரியும். ஆனால் எங்கே விலகுவது என்று தெரியாது, நின்ற இடத்திலேயே நின்று அழும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. அஞ்சி அஞ்சிப் பிள்ளைகளை எந்நேரமும் ஷூவுக்குள்ளேயே வைத்திருப்பது பாதத்துக்கு நல்லதன்று. இந்தியாவில் 4 முதல் 13 வயது வரையிலான 2300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியான ஆய்வு ஒன்றில், காலணி அணிந்து வளர்ந்தோரில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது; வெறுங்காலோடு வளர்ந்தோரில் அது 2.8 விழுக்காடே. ஆனால் இதைப் படித்துவிட்டு, ஆண்டு முழுவதும் ஷூ அணிந்து அலுவலகம் போகிற நடுவயதினர், சித்ரா பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் கிரிவலத்தை ஒரே மூச்சில் வெறுங்காலோடு முடிப்பது அறிவுடைமையாகாது. தோல் தடிக்கவும் பாதத் தசை வலுப்பெறவும் வாரக்கணக்கில் ஆகும். அதற்கு முன் காலையிளம் பொழுதில், மண்தரையிலோ புல்தரையிலோ, சிறிது சிறிதாகப் பழக வேண்டும். ஏற்கெனவே குதிகால் வலி உள்ளவர்கள், குளிர்ச்சியாக இருக்கிறதென்று நாளெல்லாம் கிரானைட் தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பதும் அந்த வலியை வளர்க்கும்.

முள்ளையும் ஆணியையும் மிதித்துவிட்டால், துரு இருந்ததா என்று பார்த்து அமைதி அடைவது பரவலான தவறு. ஏற்பு நோய்க்கு (டெட்டனஸ்) துரு காரணமன்று. மண்ணில் வாழும் கிருமியின் வித்துக்கள் ஆழமான குத்துக் காயத்தில் காற்றுப் படாமல் வளர்வதே காரணம். சீமைக்கருவேல முள்ளும் அதற்குப் போதும். சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவி, கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்தாண்டுக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முள் முனை உள்ளே தங்கிய இடத்தில் வலியில்லாத வீக்கம் மெல்ல வளர்ந்தால் அதையும் அலட்சியம் செய்யலாகாது. ‘மதுரைக் கால்’ என்று மருத்துவ நூல்கள் குறிக்கும், பூஞ்சையாலோ பாக்டீரியாவாலோ வரும் நோய் இப்படித்தான் தொடங்கும்; 1842இல் மதுரை மருத்துவமனையிலிருந்தே அது மருத்துவ உலகுக்கு முதலில் தெரிவிக்கப்பட்டது.

வெறுங்காலின் தோல் வழியே உடலுக்குள் நுழையும் கொக்கிப்புழுவைப் பொறுத்தவரை, காய்ந்து சுடும் மண்ணில் அதன் இளம்புழு பிழைப்பதில்லை. தண்ணீர் பாயும் வாழைத் தோட்டம், நிழலான தோப்பு, கோடை மழை பெய்த ஈரமண் ஆகிய இடங்களிலேயே கவனம் தேவை. புழுக்கம் தாங்காமல் இரவில் முற்றத்திலும் களத்திலும் நடமாடும்போது செருப்பும் கைவிளக்கும் இல்லாமல் இறங்குவது பெருந்தவறு. கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. பாம்புக்கடி பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேதான் விழுகிறது.

கால் சுட்டுவிட்டால், குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் தொடர்ந்து பிடிக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவது போதாது. பனிக்கட்டி வைப்பது தோலை மேலும் கெடுக்கும். பற்பசை, மஞ்சள், வெண்ணெய், பேனா மை எதுவும் வேண்டாம். மெட்டி அணிந்திருப்பவர்கள் வீக்கம் ஏறுவதற்கு முன்பே அதைக் கழற்றிவிட வேண்டும். பிறகு கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் தளர்வாக மூடலாம். நீரிழிவு உள்ளவர்கள் சிறு கொப்புளத்துக்கும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெந்த இடம் வெளுத்தோ கருகியோ இருந்து அங்கே வலியே தெரியவில்லை என்றால் காயம் ஆழமானது என்று பொருள். அந்தக் காலை ஊன்றி நடக்காமல், உடனே வண்டியில் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.