பழைய ஜான்சன் அவுட்போர்டுக்கு செல்ஃப் ஸ்டார்ட்டும் கில் சுவிட்சும்: வயரிங் செய்முறை

கயிறு இழுத்தே தோள்பட்டை தேய்ந்துபோனவர்களுக்காக இந்தப் பதிவு. என்னிடம் இருப்பது 1969 ஜான்சன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் மோட்டார்): 33 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், கயிறு ஸ்டார்ட். ஜான்சனும் எவின்ரூடும் ஓஎம்சி என்ற ஒரே கம்பெனியின் பிள்ளைகள் என்பதால் அந்தக் காலத்து எவின்ரூடுக்கும் இதே வேலைதான். (எங்கள் ஒன்டாரியோவில் பீட்டர்பரோ ஊரில் அவர்களுடைய ஆலை இருந்தது. அதே இடத்தில் பிறகு பல வருடம் கனூ மியூசியம் நடந்தது. மோட்டார் செய்த இடத்தில் துடுப்புப் படகு!)

பாகங்கள்

கயிறு ஸ்டார்ட் மோட்டாரின் ஃப்ளைவீலில் பல்சக்கரம் இருக்காது. பல் வைத்த ஃப்ளைவீல், செல்ஃப் மோட்டார், அதன் பிராக்கெட் மூன்றும் வேண்டும். தனித்தனியாகத் தேடி அலையாதீர்கள். செல்ஃப் வைத்த அதே மாடல், பிஸ்டன் பிடித்துப்போன மோட்டார் ஒன்றை வாங்கிக் கழற்றுவதுதான் மலிவு.

புதிதாக வாங்கவேண்டியவை: சோலனாய்டு (சின்னக் கரன்டால் செல்ஃப் மோட்டாரின் பெரிய கரன்டை இணைப்பது), சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச், கில் சுவிட்ச் (ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால், அவர்மேல் மாட்டிய கயிறு பிடுங்கி எஞ்சினை நிறுத்துவது). சோலனாய்டும் சாவியும் படகுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். கார் கடை சோலனாய்டு பாதி விலைதான், ஆனால் அதன் உள்ளே பொறி பறப்பது வெளிக்காற்றோடு சேராதபடி அடைத்திருக்க மாட்டார்கள். பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

தடித்த வயர்கள்

இது சுலபம். பேட்டரி பிளஸ் சோலனாய்டின் ஒரு பெரிய போல்ட்டுக்கு, மற்றப் பெரிய போல்ட்டிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு. பேட்டரி மைனஸ் நேராக எஞ்சின் பிளாக்குக்கு, பெயின்டைச் சுரண்டிவிட்டு. மூன்று மீட்டருக்குள் என்றால் 25 சதுர மில்லிமீட்டர் வயர் போதும், ஈயம் பூசிய செம்பாகப் பாருங்கள். லக் (வயர் முனையில் நசுக்கிப் போடும் செம்பு வளையம்) போட நல்ல கிரிம்ப் பிளையர் வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கிய லக் ஒரு சீசன் கூடத் தாங்காது.

சோலனாய்டின் பேட்டரி பக்க போல்ட்டிலிருந்து 20 ஆம்ப் ஃப்யூஸ் வழியாக ஒரு மெல்லிய வயரைச் சாவி சுவிட்சின் 'பி' முனைக்கு எடுங்கள். 'எஸ்' முனை சோலனாய்டின் சின்ன முனைக்கு, நடுவில் நியூட்ரல் சுவிட்ச்சோடு. அதைப் பிறகு பார்ப்போம்.

இரண்டு 'எம்' முனைகள்

குழப்பமெல்லாம் இங்கேதான். எனக்கும் அதிக நேரம் பிடித்த இடம் இது.

காரில் சாவியைத் திருப்பினால் இக்னிஷனுக்குக் கரன்ட் போகும், அணைத்தால் நிற்கும். இந்த ஜான்சன் மாதிரி மேக்னெட்டோ மோட்டாரில் பொறிக்கு பேட்டரியே தேவையில்லை. ஃப்ளைவீல் சுற்றும்வரை அதுவே பொறி உண்டாக்கிக்கொள்ளும். அதனால் எஞ்சினை அணைப்பதற்கு எதையும் துண்டிப்பதில்லை, இணைக்கிறோம். படகுச் சாவி சுவிட்சில் 'ஆஃப்' நிலையில் 'எம்', 'எம்' இரண்டு முனையும் ஒட்டிக்கொள்ளும், 'ரன்' நிலையில் பிரியும். கார் சாவியில் இந்த முனைகளே கிடையாது. அதை மாட்டி, 12 வோல்ட்டை மேக்னெட்டோ வயருக்கு அனுப்பினால் பொறி தரும் காயில் கருகும்.

இந்த மோட்டாரில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு செட் பாயின்ட் (திறக்கும்போது பொறி வரவைக்கும் சின்ன சுவிட்ச்). ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர் வெளியே வரும். ஒன்று ஒரு 'எம்'முக்கு, மற்றது அடுத்த 'எம்'முக்கு. எதையும் எர்த் செய்யக்கூடாது. அப்படியென்றால் எஞ்சின் எப்படி நிற்கிறது? ஒரு பாயின்ட் திறக்கும் நேரத்தில் மற்றது மூடி, எர்த்தில் இருக்கும். இரண்டையும் சேர்த்துவிட்டால் திறக்கிற பாயின்ட்டுக்கும் அடுத்ததன் வழியாக எர்த் கிடைத்துவிடும், பொறி வராது. இரண்டு சிலிண்டரும் படுத்துவிடும்.

இது புரிந்தால் கில் சுவிட்சும் புரியும். அதன் இரண்டு வயரையும் இரண்டு 'எம்' முனைகளிலேயே சாவிக்கு இணையாக மாட்டுங்கள். கருப்பு வயரைப் பார்த்ததும் எர்த்துக்குக் கொடுத்துவிடுவது பலருக்குக் கைவருகிற பழக்கம். கொடுத்தால் கில் சுவிட்ச் கயிறு பிடுங்கும்போது ஒரு சிலிண்டர் மட்டும் நிற்கும். ஆள் தண்ணீரில், படகு மற்ற சிலிண்டரில் நொண்டிக்கொண்டே போய்க்கொண்டிருக்கும்.

வாங்கும்போதே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். கயிறு மாட்டிய கிளிப்பைப் பிடுங்கியதும் பீப் வரவேண்டும், சொருகினால் பீப் நிற்கவேண்டும். நேர்மாறாக இருந்தால் அது பேட்டரி இக்னிஷன் எஞ்சினுக்கானது. அமெரிக்காவில் 26 அடிக்குக் குறைந்த படகில் கில் சுவிட்ச் பொருத்தியிருந்தால், வேகமாக ஓட்டும்போது அதன் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்று 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். சட்டம் இல்லாத ஏரியிலும் நான் கழற்றுவதில்லை.

நியூட்ரல் சுவிட்ச்

கியரில் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் படகு பாயும், நின்றுகொண்டிருப்பவர் விழுவார். அதைத் தடுக்கத்தான் இது. கியர் லீவர் நியூட்ரலுக்கு வந்தால் அமுங்குகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச். அமுங்கினால் மட்டும் இணைவதாக இருக்கட்டும். அப்போதுதான் வயர் அறுந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவே.

பழைய ஓஎம்சி மோட்டார்கள் சிலவற்றில் இதை சோலனாய்டின் எர்த் பக்கத்தில் வைத்திருப்பார்கள். எனக்கு அது பிடிக்காது. அந்த வயர் எங்காவது உரசிப் பாடியைத் தொட்டாலே சுவிட்ச் இல்லாத மாதிரி ஆகிவிடும், வெளியே தெரியவும் செய்யாது. 'எஸ்' வயரில் வைத்தால் உரசும்போது ஃப்யூஸ் போகும், தெரிந்துவிடும். கயிற்றால் இழுத்து ஸ்டார்ட் செய்தால் எப்படி வைத்தாலும் இந்தச் சுவிட்ச் காப்பாற்றாது.

சோதனை

ப்ரொப்பெல்லரைக் கழற்றுங்கள். பிளக் வயர்களை எர்த் செய்யுங்கள். நியூட்ரலில் செல்ஃப் சுற்றவேண்டும், முன் கியரிலும் பின் கியரிலும் 'டக்' சத்தம்கூட வரக்கூடாது. ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் சுற்றாதீர்கள், செல்ஃப் மோட்டாரை ஆறவிடுங்கள். மேக்னெட்டோ வயர்களைக் கழற்றிவிட்டு, 'எம்' முனைகளில் சாவியின் எல்லா நிலைகளிலும் வோல்ட் பாருங்கள். எங்கேயாவது 12 காட்டினால் வயரை மாட்டாதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள். கடைசியாக தண்ணீர் டிரம்மில் எஞ்சினை ஓடவிட்டு கில் சுவிட்ச் கயிற்றைப் பிடுங்குங்கள். சட்டென்று நிற்கவேண்டும்.

பின்சேர்க்கை

"ரன் நிலையிலும் 'எம்' முனைகளில் பீப் வருகிறது, சாவி கெட்டதா?" என்று கேட்டிருந்தார்கள். எஞ்சின் வயர்களைக் கழற்றாமல் பார்த்திருப்பீர்கள். காயிலின் உள்சுற்று மிகக் குறைந்த ஓம்ஸ்தான், மீட்டருக்கு அது நேர் இணைப்பாகவே தெரியும். கழற்றிவிட்டுப் பாருங்கள்.

யமஹா வைத்திருப்பவர்களுக்கு: அதில் வெள்ளை வயர்தான் எஞ்சினை நிறுத்துவது, கருப்பு எர்த். கில் சுவிட்ச் அந்த இரண்டுக்கும் நடுவே வரும். பாயின்ட்டுக்குப் பதில் 'பவர் பேக்' என்ற எலக்ட்ரானிக் பெட்டி வைத்த பிந்தைய ஜான்சன்களிலும் ஒரு 'எம்' எர்த்துக்குத்தான் போகும். மேலே எர்த் செய்யாதே என்றது இரட்டைப் பாயின்ட் மோட்டாருக்கு மட்டும்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறது என்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன், சுற்றும்போது பேட்டரி பிளஸ்ஸுக்கும் செல்ஃப் மோட்டார் போல்ட்டுக்கும் நடுவே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஏதோ ஒரு லக்கோ சோலனாய்டோ சரியில்லை.