மினி விமேக்கில் வண்ணம் வந்த கதை

பழைய மேக்கின்டாஷ் கணினியை இன்றைய கணினியில் போலச் செய்துகாட்டும் மினி விமேக் எமுலேட்டர் இயல்பாக 1986-இல் வந்த மேக்கின்டாஷ் பிளஸ்ஸாகத்தான் திறக்கும்: 512×342 புள்ளித் திரை, கறுப்பு வெள்ளை. எனக்கு வண்ணம் வேண்டும். மாடல், நினைவகம், திரை அளவு எல்லாம் கம்பைல் செய்யும்போதே, அதாவது மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும்போதே, முடிவாகிவிடுவதால் ஓடும்போது மாற்ற முடியாது.

சரி என்று லினக்ஸில் மூல நிரலை இறக்கி, மேக்கின்டாஷ் 2, 640×480, 256 வண்ணம் என்று கொடுத்தேன். திரையில் சாளரம் வரைய உதவும் எக்ஸ்11-இன் ஹெடர் கோப்பு இல்லாமல் கம்பைல் பாதியில் நின்றது. அதைத் தரும் லிப்எக்ஸ்11-டெவ் பொதியை நிறுவியதும் முடிந்தது.

அப்புறம் எமுலேட்டர், ரோம் கோப்பைக் (அசல் கணினியின் சிப்பில் இருக்கும் அடிப்படை நிரலின் நகல்) காணோம் என்றது. இதில்தான் ஒரு மாலை முழுக்கப் போனது. பிளஸ்ஸின் 128 கேபி ரோம் பக்கத்திலேயே இருந்தது, ஆனால் மேக் 2 கேட்பது 256 கேபி ரோம், கோப்பின் பெயரும் வேறு. என் பழைய மேக் 2-இலிருந்து நகலெடுத்து, ‘மேக்ஐஐ.ரோம்’ என்று பெயரிட்டு வைத்தேன். மெனுவின் இடது மூலையில் ஆறு வண்ண ஆப்பிள் தெரிந்தது!