ஜாவா நிறுவப்படாத கணினியிலும் ஓடும் ஜாவா நிரல்: நேட்டிவ்-இமேஜ் செய்முறை

பதிவுக் கோப்புகளைப் படித்து, அவற்றிலுள்ள பிழைச் செய்திகளை வகை வாரியாக எண்ணி, ஜேசன் என்ற தரவு வடிவில் ஓர் அறிக்கை தரும் சிறு கருவி ஒன்றை ஜாவாவில் எழுதி வைத்திருந்தேன். அதைக் கேட்டு வாங்கியவர்கள் முதலில் கேட்டதெல்லாம் கருவியைப் பற்றி அல்ல. எந்த ஜாவாவை நிறுவ வேண்டும், ஏற்கெனவே இருக்கும் பழைய பதிப்பு போதுமா என்பதைத்தான். தவிர, கண் இமைக்கும் நேரத்தில் முடிய வேண்டிய வேலைக்கு, ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் எந்திரம் விழித்தெழவே அதைவிட அதிக நேரம் பிடித்தது. எனவே க்ரால்விஎம் என்ற ஜாவாத் தொகுப்போடு வரும் நேட்டிவ்-இமேஜ் என்ற கருவியைக் கொண்டு, எந்திரத்தின் துணையில்லாமல் தானே ஓடும் இயங்குகோப்பாக அதை மாற்ற முனைந்தேன். கம்பைல் செய்யும் கட்டளை ஒரே வரிதான். ஆனால் சரியாக ஓடும் கோப்பு கைக்கு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளில் இரண்டரை நாளைத் தின்ற படியைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஜார் கோப்பு உருவாக்குவதும் கட்டளை வரியில் நிரலை ஓட்டுவதும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழிலேயே குறிப்பிட்டிருக்கிறேன். நேட்டிவ்-இமேஜ் கட்டளைக்கு ஹெல்ப், ஹெல்ப்-எக்ஸ்ட்ரா என்ற ஆப்ஷன்களைக் கொடுத்தால் எல்லாவற்றின் சரியான எழுத்துக்கூட்டலும் திரையில் வரும்.

கருவித் தேர்வைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜேபேக்கேஜ் என்ற கருவி, ஜாவா உருவாக்கக் கருவித்தொகுப்பான ஜேடிகேயின் 16ஆம் பதிப்பு முதல் நிலையான பகுதியாக உள்ளது. ஆனால் அது நிரலோடு மெய்நிகர் எந்திரத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டித் தருகிறதே தவிர, எதையும் எந்திரமொழிக்கு மாற்றுவதில்லை. சாளரங்களோடு கூடிய பெரிய மேசைக்கணினி நிரலுக்கு அதுவே நல்லது என்பேன். பழைய வலைப்பதிவுகளில் ஜிசிஜே என்ற பெயரைப் பார்த்தால் கடந்து சென்றுவிடுங்கள். ஜாவாவை எந்திரமொழிக்கு மாற்றிய அந்தக் கம்பைலர், 2017இல் வந்த ஜிசிசி 7ஆம் பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டது. ஜேடிகே 9இல் சோதனை முறையில் சேர்க்கப்பட்ட ஜேஏஓடிசி என்ற கம்பைலரும் ஜேடிகே 17இல் எடுக்கப்பட்டுவிட்டது. கட்டளை வரிக் கருவிக்கு இன்று நான் தயங்காமல் பரிந்துரைப்பது க்ரால்விஎம்மின் நேட்டிவ்-இமேஜ் ஒன்றைத்தான்.

முதல் படி: நிறுவுதல்

ஜேடிகே 21க்கான க்ரால்விஎம்மையோ அதற்குப் பிந்தையதையோ இறக்குங்கள். இவற்றில் நேட்டிவ்-இமேஜ் கருவி கூடவே வருகிறது. முன்பெல்லாம் ஜியு என்ற தனிக் கட்டளையால் அதை நிறுவ வேண்டும். அந்தக் கட்டளையே இப்போது இல்லை என்பதால், அதை ஓட்டச் சொல்லும் விளக்கங்களைப் பின்பற்றினால் முதல் வரியிலேயே நின்றுவிடுவீர்கள். நான் எஸ்டிகேமேன் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக நிறுவினேன். பல பதிப்புகளை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்க்க அதைவிட வசதியானது இல்லை.

கடைசியில் கோப்பை இணைத்துக் கட்டுவது உங்கள் இயங்குதளத்தின் சி கருவிகள்தான் என்பதால் அவையும் வேண்டும். லினக்ஸில் ஜிசிசி, ஸெட்லிப் நூலகத்தின் டெவலப்மென்ட் கோப்புகள். மேக்ஓஎஸ்ஸில் எக்ஸ்கோடின் கட்டளை வரிக் கருவிகள். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவின் சி++ கருவித்தொகுப்பு. விண்டோஸில் கம்பைலர் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், சாதாரணக் கட்டளைச் சாளரத்தை மூடிவிட்டு, விஷுவல் ஸ்டூடியோ தரும் 64 பிட் நேட்டிவ் டூல்ஸ் சாளரத்தைத் திறந்து அதில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாம் படி: முதல் கம்பைல்

நேட்டிவ்-இமேஜ் என்று எழுதி, நோ-ஃபால்பேக் என்ற ஆப்ஷனைக் கொடுத்து, ஜார் என்ற ஆப்ஷனோடு உங்கள் ஜார் கோப்பின் பெயரை எழுதி என்டர் தட்டுங்கள். நோ-ஃபால்பேக் எதற்கு என்றால், முழுமையாக மாற்ற முடியாத நிரலுக்குப் பழைய பதிப்புகள் ஒரு மாற்றுக் கோப்பை ஓசையில்லாமல் உருவாக்கிவிடும். அது ஓடுவதற்கு மெய்நிகர் எந்திரம் வேண்டும். என் கணினியில் ஜாவா இருந்ததால் அப்படிப்பட்ட கோப்பு ஒன்று நன்றாகவே ஓடியது. வெற்றி என்று நினைத்து அதை நண்பருக்கு அனுப்பிவைத்தேன். அங்கே ஜாவா இல்லை.

திரையில் எட்டுக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நகரும். அவற்றில் இரண்டாவதான பகுப்பாய்வுதான் இந்த முறையின் உயிர்நாடி. மெயின் முறையிலிருந்து புறப்பட்டு, எந்த முறை எதை அழைக்கிறது, எந்த வகுப்பின் பொருள் எங்கே போகிறது என்று கருவி தேடிக்கொண்டே போகும். சென்றடைய முடிந்தவற்றை மட்டும் எந்திரமொழிக்கு மாற்றி, மீதியை விட்டுவிடும். ஓடும்போது புதிதாக எந்தக் குறிமுறையும் வந்து சேராது, தெரியவேண்டிய அனைத்தும் இப்போதே தெரிந்துவிட்டது என்பதே இதன் அடிப்படை எண்ணம். மூடிய உலகம் என்று இதற்குப் பெயர்.

இந்தக் கட்டத்துக்குச் சில ஜிபி நினைவகம் தேவைப்படும். காரணம் எதுவும் சொல்லாமல் 137 என்ற எண்ணோடு கம்பைல் நின்றுபோனால், நினைவகம் போதாமல் இயங்குதளம் அதைக் கொன்றுவிட்டது என்று பொருள். திறந்திருக்கும் பிரவுசரை மூடிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அடிக்கடி மாற்றி மாற்றிச் சோதிக்கும் காலத்தில், பெரிய எழுத்து ஓவும் சிறிய எழுத்து பியும் சேர்ந்த ஆப்ஷனைக் கொடுத்தால் கம்பைல் விரைவாக முடியும். வெளியிடும்போது அதை எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: என்னைக் கவிழ்த்த இடம்

கோப்பு உருவானது, ஓட்டினேன், உடனே ஓடி முடிந்தது. அறிக்கைக் கோப்பைத் திறந்தால் உள்ளே இரண்டே எழுத்துகள்: {}. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை, நிரல் திருப்பித் தந்த எண்ணும் பூஜ்யம். அதே ஜார் கோப்பை மெய்நிகர் எந்திரத்தில் ஓட்டினால் அறிக்கை நிறைவாக வந்தது. கோப்பைப் படிக்கும் பகுதியில்தான் கோளாறு என்று எண்ணி, ஒரு முழு நாள் அங்கே அச்சு வரிகளைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கைகள் எல்லாம் சரியாகவே இருந்தன. அவற்றை எழுதும்போதுதான் காணாமல் போயின.

காரணம் ரிஃப்ளெக்‌ஷன். நான் பயன்படுத்திய ஜேசன் நூலகம், கொடுத்த பொருளின் வகுப்பைப் பார்த்து, அதில் என்னென்ன புலங்கள் உள்ளன என்று ஓடும்போது கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறது. என் அறிக்கை வகுப்பின் புலங்களை இப்படிப் பெயர் சொல்லிக் கேட்கப்போகிறார்கள் என்பதைப் பகுப்பாய்வால் ஊகிக்க முடியவில்லை. ஆகவே அந்த விவரத்தை இயங்குகோப்பில் சேர்க்கவில்லை. நூலகம் கேட்டபோது வெற்றுப் பட்டியல் கிடைத்தது. புலங்களே இல்லாத வகுப்பு போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வெற்று அடைப்புக்குறிகளை எழுதிவிட்டு அது தன் கடமையை முடித்துக்கொண்டது. வேறு சில நூலகங்கள் இதே நிலையில் பிழை எறிந்து நின்றுவிடும். அது எவ்வளவோ மேல்.

ஆகவே, ரிஃப்ளெக்‌ஷனால் தொடப்படும் வகுப்புகள், ஜார் கோப்புக்குள்ளிருந்து படிக்கப்படும் வளக் கோப்புகள், ஓடும்போது உருவாகும் ப்ராக்ஸி எனப்படும் இடைநிலைப் பொருள்கள் ஆகியவற்றை நாம்தான் கருவிக்கு எழுதித் தர வேண்டும். கையால் எழுதத் தேவையில்லை. க்ரால்விஎம்மோடு வரும் ட்ரேசிங் ஏஜென்ட், நிரல் மெய்நிகர் எந்திரத்தில் ஓடும்போது அருகிலிருந்து கவனித்து இந்தக் குறிப்புகளை எழுதித் தரும். ஜாவா கட்டளையில் ஏஜென்ட்லிப் என்ற ஆப்ஷனுக்கு நேட்டிவ்-இமேஜ்-ஏஜென்ட் என்று பெயர் கொடுத்து, கான்ஃபிக்-அவுட்புட்-டிர் என்பதில் கோப்புறையைச் சுட்டினால் போதும். அந்தக் கோப்புறை, ரிசோர்ஸஸ் கோப்புறைக்குள் மெட்டா-இன்ஃப், அதற்குள் நேட்டிவ்-இமேஜ் என்று இருக்கட்டும். அங்கே இருப்பவை ஜார் கோப்பினுள் சேர்ந்து, அடுத்த கம்பைலில் தாமாகவே கண்டுகொள்ளப்படும். புதிய பதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஜேசன் கோப்பில் எழுதுகின்றன; பழையவை ரிஃப்ளெக்‌ஷனுக்கு ஒன்று, வளங்களுக்கு ஒன்று என்று பிரித்து எழுதின.

இங்கே நான் வரிசையாக விழுந்த குழிகளையும் சொல்லிவிடுகிறேன். ஏஜென்ட்லிப் என்பது ஜார் என்ற சொல்லுக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் எழுதினால் அது உங்கள் நிரலுக்கான உள்ளீடாகப் போய்ச் சேரும், ஏஜென்ட் எழவே எழாது. அதைத் திருத்திய பிறகு, நிரலை உதவிச் செய்தி மட்டும் காட்டும்படி ஓட்டினேன். ஏஜென்ட் தான் கண்ணால் கண்டதை மட்டுமே எழுதும் என்பதால், அறிக்கை எழுதும் பாதையே குறிப்பில் இடம்பெறவில்லை. மூன்றாவது குழிதான் ஆழமானது. அறிக்கை எழுதும் பாதையை ஒரு முறையும், அமைப்புக் கோப்பைப் படிக்கும் பாதையை இன்னொரு முறையும் ஓட்டினேன். இரண்டாவது ஓட்டம் முதலாவதன் குறிப்புகளை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதிவைத்தது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று உடையும் இந்த விளையாட்டில் அரை நாள் போனது. இரண்டாவது ஓட்டம் முதல் கான்ஃபிக்-அவுட்புட்-டிர் என்பதற்குப் பதிலாகக் கான்ஃபிக்-மெர்ஜ்-டிர் என்று கொடுங்கள். புதியவை பழையவற்றோடு சேர்ந்துகொள்ளும்.

நிரல் முறையாக முடியும்போதுதான் ஏஜென்ட் குறிப்புகளை எழுதும் என்பதையும் நினைவில் வையுங்கள். சர்வர் போல நிற்காமல் ஓடும் நிரலைக் கில் -9 கொடுத்து நிறுத்தினால் கோப்புறை காலியாகத்தான் இருக்கும்.

உங்களிடம் நல்ல யூனிட் டெஸ்ட்டுகள் இருந்தால், கையால் ஓட்டுவதைவிட ஏஜென்ட்டோடு அவற்றை ஓட்டுவதே சிறந்தது. மேவன், கிரேடில் இரண்டுக்கும் இதற்கான பிளகின்கள் உள்ளன. பிரபலமான நூலகங்கள் பலவற்றுக்கான குறிப்புகள் பொதுக் களஞ்சியம் ஒன்றில் திரட்டப்பட்டுள்ளன. அவற்றையும் அந்தப் பிளகின்களே எடுத்துக்கொள்ளும். சொந்தமாகத் தொடங்குபவர்களுக்கு என் யோசனை, ரிஃப்ளெக்‌ஷனைத் தவிர்க்கும் நூலகங்களையே முதலிலிருந்து தேர்ந்தெடுங்கள். கட்டளை வரி உள்ளீடுகளுக்கு நான் பிகோசிஎல்ஐ பயன்படுத்துகிறேன். அதன் கோட்ஜென் பகுதியைச் சேர்த்தால், ஜாவா கம்பைலின்போதே தேவையான குறிப்புகளை எழுதித் தந்துவிடுகிறது.

நான்காம் படி: எப்போது தொடங்குவது

சில பிழைச் செய்திகள், குறிப்பிட்ட வகுப்பை இனிஷியலைஸ்-அட்-பில்ட்-டைம் பட்டியலில் சேர்க்கச் சொல்லும். சொல்கிறதே என்று எல்லா வகுப்புகளையும் அதில் கொட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் அந்த வகுப்புகளின் ஸ்டாட்டிக் புலங்கள் கம்பைல் நேரத்திலேயே கணக்கிடப்பட்டு, அந்த மதிப்புகள் அப்படியே இயங்குகோப்பில் உறைந்துவிடும். தொடங்கிய நேரத்தை ஒரு ஸ்டாட்டிக் புலத்தில் வைத்திருந்தால், நிரல் எப்போது ஓடினாலும் கம்பைல் செய்த நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். சூழல் மாறியிலிருந்து கடவுச்சொல்லைப் படிக்கும் ஸ்டாட்டிக் புலம் என்றால், உங்கள் கடவுச்சொல் கோப்போடு ஊருக்கெல்லாம் போய்ச் சேரும்.

இணையத்திலிருந்து எதையாவது எடுக்கும் நிரலாக இருந்து, எச்டிடிபிஎஸ் அனுமதிக்கப்படவில்லை என்று பிழை வந்தால், எனேபிள்-யுஆர்எல்-ப்ரோட்டோகால்ஸ் என்ற ஆப்ஷனில் அதைச் சேர்த்தால் தீர்ந்தது.

பின்சேர்க்கை 1: இந்த முறையில் ஓர் இயங்குதளத்தில் இருந்துகொண்டு இன்னொன்றுக்குக் கம்பைல் செய்ய முடியாது. லினக்ஸில் உருவாக்கியதை விண்டோஸில் ஓட்டிப் பார்த்து, ஓடவில்லை என்று இரண்டு பேர் எழுதினார்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தந்த இயங்குதளத்திலேயே உருவாக்க வேண்டும்.

பின்சேர்க்கை 2: லினக்ஸிலிருந்து லினக்ஸுக்குக் கொண்டுபோயும் ஓடவில்லை என்பவர்கள் பிழைச் செய்தியைக் கூர்ந்து படியுங்கள். லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியின் குறிப்பிட்ட பதிப்பு இல்லை என்று சொன்னால், நீங்கள் புதிய லினக்ஸில் உருவாக்கிப் பழையதில் ஓட்டுகிறீர்கள். ஆதரிக்க விரும்பும் பதிப்புகளில் மிகப் பழையதில் உருவாக்குவது ஒரு வழி. ஸ்டாட்டிக் என்ற ஆப்ஷனோடு, ஜிலிப்சிக்கு மாற்றான மஸ்ல் என்ற சி நூலகத்தைத் தேர்ந்து, எதையும் சாராத கோப்பாகக் கட்டுவது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. மஸ்ல் கருவிகளை நிறுவும் சிரமம் ஒரு முறைதான்.

பின்சேர்க்கை 3: ப்ராசஸரில் தேவையான வசதிகள் இல்லை என்று செய்தி வந்தால், கோளாறு உங்கள் நிரலில் இல்லை. 64 பிட் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்குக் கம்பைல் செய்கையில், பழைய சில்லுகளில் இல்லாத கட்டளைகளையும் கருவி இயல்பாகவே பயன்படுத்துகிறது. மார்ச் என்ற ஆப்ஷனுக்குக் கம்பாட்டிபிலிட்டி என்று மதிப்புக் கொடுத்து மறுபடி கம்பைல் செய்யுங்கள். வேகம் சற்றுக் குறையலாம், ஆனால் பழைய கணினியிலும் ஓடும். பிறருக்கு அனுப்பும் கோப்புகளை நான் இப்போது இப்படித்தான் உருவாக்குகிறேன். அனுப்பும் முன் ஜாவா இல்லாத ஒரு கணினியில் ஓட்டி, அறிக்கைக் கோப்பைத் திறந்தும் பார்த்துவிடுகிறேன்.