ஏசி கூலாகலன்னா உடனே கேஸ் அடிக்க விடாதீங்க

நுவரெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு இது தேவைப்படாது, ஆனா கண்டி, கட்டுகஸ்தோட்டை, மாத்தளை, கம்பளை, பதுளைன்னு கொஞ்சம் கீழ இருக்கிற டவுன்கள்ல இப்ப நெறைய வீட்டுல ஒரு ரூமுக்காவது ஏசி மாட்டியிருக்காங்க. மார்ச், ஏப்ரல்ல நல்லா ஓடும், அப்புறம் மழை தொடங்கினா மாசக்கணக்கா சும்மா கிடக்கும். கொழும்புல ஏசி ஓடி ஓடி பழுதாகும், இங்க சும்மா இருந்தே பழுதாகுது, ஈரம், எறும்பு, பல்லி, இடி மின்னல்னு காரணமே வேற. ஆனா ரிப்பேர்னு வந்தா எல்லாத்துக்கும் "கேஸ் கொறஞ்சிருச்சு"ங்கிற ஒரே பதில்தான் வருது, நாமளும் சரின்னு காச எடுத்து குடுத்துர்றோம்.

மொதல்ல இத மனசுல போட்டுக்கங்க. ஏசி கேஸ் பைக்குக்கு போடுற பெட்ரோல் மாதிரி ஓட ஓட தீர்ற சாமான் இல்ல. மூடின குழாய்க்குள்ள அதே கேஸ்தான் சுத்திக்கிட்டே இருக்கும், அஞ்சு வருசமானாலும் பத்து வருசமானாலும் கொறையக்கூடாது. கொறஞ்சிருந்தா எங்கயோ லீக் இருக்கு, அத கண்டுபிடிக்காம மேல மேல அடிச்சா அடுத்த சீசனுக்குள்ள திரும்ப அதே கத. "வருசத்துக்கு ஒருக்கா கேஸ் அடிக்கணும்"னு யாராவது சொன்னா அவர விட்டுட்டு வேற ஆள பாருங்க.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு பிரச்சின இருக்கு, அத பத்தி யாரும் கதைக்கிறதில்ல. கேஜ் மாட்டி பாக்கிற பிரஷர் அன்னைக்கு இருக்கிற சூட்ட பொறுத்து மாறும். ஆர் 32 கேஸ் உள்ள மெஷின் ஓடாம நிக்கும்போது, வெளிய 30 டிகிரின்னா 260 பி.எஸ்.ஐ கிட்ட காட்டும், அதே மெஷின் அதே கேஸோட 20 டிகிரியில 200 கிட்டதான் காட்டும். ஓடும்போது பாக்கிற பிரஷரும் குளிர்ல எறங்கித்தான் நிக்கும். இப்ப ஜூலை மாசம்னு வைங்க, மழை தூறிக்கிட்டு இருக்கிற நாள்ல ரிப்பேர் பாஸ் ஒருத்தர் வந்து கேஜ மாட்டி, கொழும்பு வெயில்ல பாத்து பழகின நம்பர மனசுல வச்சுக்கிட்டு "பிரஷர் கொறவா இருக்கே"ன்னு கேஸ் ஏத்திட்டு போயிருவாரு. அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. மார்ச் வெயில்ல போட்டா கூலிங் இருக்காது, கம்ப்ரசர் சூடாகி சூடாகி நிக்கும், கரண்ட் பில்லும் ஏறும், ஏன்னா கேஸ் கூடிப்போனாலும் கொறஞ்சா மாதிரியே தொல்லதான். எங்க ஏரியாவுல ஒரு டீச்சர் வீட்டுல இப்படித்தான் ஆச்சு, கடைசில கூடின கேஸ வெளிய எடுத்த பிறகுதான் மெஷின் ஒழுங்கா ஓடுச்சு, ரெண்டு தடவையும் காசு அவங்களோடது. இன்வெர்ட்டர் ஏசின்னா, அதாவது கம்ப்ரசர் வேகத்த தேவைக்கு ஏத்த மாதிரி கூட்டி கொறைக்கிற மெஷின்னா, இன்னும் கவனம், ரூம் ஏற்கனவே குளிரா இருந்தா கம்ப்ரசர் மெதுவாதான் ஓடும், அந்த நேரத்துல பிரஷர் பாத்து ஒரு முடிவுக்கும் வர ஏலாது.

சரியான வழி தராசுதான். அவுட்டோர் யூனிட் பக்கத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல எந்த கேஸ், எத்தன கிராம்னு போட்டிருக்கும், 12000 பி.டி.யு சைஸ் மெஷினுக்கு பெரும்பாலும் ஒரு கிலோவ சுத்தி இல்லன்னா அதுக்கும் கொறவுதான். இருக்கிற கேஸ முழுசா எடுத்துட்டு, லீக்க அடைச்சு, வாக்யூம் பண்ணி (குழாய்க்குள்ள இருக்கிற காத்தயும் ஈரத்தயும் பம்ப்பால உறிஞ்சி எடுத்து), சிலிண்டர தராசுல வச்சு நிறுத்து போடணும். தராசு கொண்டு வருவீங்களான்னு போன்லயே கேளுங்க, அந்த ஒரு கேள்வியிலயே ஆள் எப்படின்னு ஓரளவு விளங்கிரும்.

லீக் பெரும்பாலும் நட் போட்டு இறுக்கின மூட்டுலதான். அந்த எடத்த நீங்களே டார்ச் அடிச்சு பாக்கலாம், கேஸோட உள்ள இருக்கிற எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும், அதுல தூசி ஒட்டி கறுப்பா பிசுபிசுன்னு ஒரு கற மாதிரி இருக்கும். சவுக்கார நுரைய தடவினா முட்ட முட்டயா வரும். குழாய ஒருக்கா தொறந்தா வாக்யூம் பம்ப் போட்டே ஆகணும், பம்ப் இல்லாம கேஸ கொஞ்சம் விட்டு காத்த வெளியேத்துறேன்னு சொன்னா வேணாம்னு சொல்லிருங்க. நம்ம ஊர் காத்துல ஈரம் அதிகம், அது உள்ள போயி எண்ணெயோட சேந்தா கம்ப்ரசருக்கே ஆபத்து.

கேஸ மாத்தி போட விடாதீங்க, ஆர் 22 மெஷினுக்கு ஆர் 32 எல்லாம் போடக்கூடாது, பிரஷர் ஒன்றரை மடங்குக்கு மேல வித்தியாசம், ஆர் 32 கொஞ்சம் தீப்பிடிக்கக்கூடியதும் கூட. அதனால கேஸ் உள்ள இருக்கும்போது பைப்புல நெருப்பு வச்சு ஒட்டவும் விடக்கூடாது.

அடுத்தது போர்ட், அதாவது ஏசிக்குள்ள இருக்கிற எலக்ட்ரானிக் சர்க்கிட். ஏப்ரல்லயும் அக்டோபர், நவம்பர்லயும் பின்னேரம் ஆனா இடி முழக்கம் தொடங்கிரும், அந்த நேரம் ரிமோட்ல ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, மெயின்ல இருந்தே ஏசி பிரேக்கர எறக்கி வைங்க, ஏன்னா ரிமோட்ல ஆஃப் பண்ணினாலும் போர்டுக்கு கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும். சும்மா கிடக்கிற மாசத்துல அவுட்டோர் யூனிட்டுக்குள்ள பல்லி பூந்து, போர்டுல இருக்கிற ரெண்டு கம்பிக் காலுக்கு நடுவுல கருகி ஒட்டிக்கிட்டு இருக்கிறதும் இங்க நடக்கிற விஷயம்தான். அதனால போர்ட் போச்சுன்னு சொன்னா தொறந்து காட்ட சொல்லுங்க, எங்க எரிஞ்சிருக்குன்னு கண்ணால பாத்துட்டு அப்புறம் விலைய கதைங்க. பழைய இன்வெர்ட்டர் இல்லாத மெஷின்ல கம்ப்ரசர் உம்முன்னு சத்தம் போட்டுட்டு நின்னா பல நேரம் அது கெபாசிட்டர்தான், கம்ப்ரசர ஸ்டார்ட் பண்ண உதவுற சின்ன சாமான், அத மீட்டர் வச்சு பாக்காமலே கம்ப்ரசர் மாத்தணும்னு சொன்னா ஒத்துக்காதீங்க. நீங்களே தொறந்து கெபாசிட்டர தொடப்போகாதீங்க, கரண்ட நிப்பாட்டினாலும் அதுல ஷாக் அடிக்கிற அளவுக்கு மிச்சம் இருக்கும். ட்ரிப் சுவிட்ச் விழுந்துக்கிட்டே இருந்தா திரும்ப திரும்ப தூக்கி போடாதீங்க, எங்கயோ கரண்ட் கசியுது, ஈரச்சுவர் உள்ள வீட்டுல இது வெளையாட்டில்ல.

இன்டோர்ல தண்ணி ஒழுகினா அனேகமா ட்ரெயின் பைப் அடைச்சிருக்கும், வெளிய இருக்கிற நுனியில பூச்சி கூடு கட்டியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா பாசி. ஃபில்டர் அழுக்கானாலும் உள்ள இருக்கிற கூலிங் காயில் மேல ஐஸ் புடிச்சு அது உருகி ஒழுகும். பாவிக்கிற சீசன்ல ரெண்டு கிழமைக்கு ஒருக்கா ஃபில்டர கழுவி நெழல்ல காய வச்சு போட்டாலே பாதி ரிப்பேர் வராது.

ஆள கூப்பிடுறதுக்கு முந்தி இதயும் பாருங்க, ரூம் 22 டிகிரியில இருக்கும்போது ரிமோட்ல 24 வச்சா கம்ப்ரசர் ஓடாது, அது பழுதில்ல, 16க்கு எறக்கி கூல் மோட்ல வச்சு பாருங்க. கரண்ட் போய் வந்தா மூணு நிமிசம் போல பொறுக்கணும். இன்டோர் யூனிட்ல உள்ள லைட் விட்டு விட்டு எரிஞ்சா ஆஃப் பண்ணிறாம போன்ல வீடியோ எடுத்து வைங்க, எத்தன தடவ மின்னுதுங்கிறதுலதான் பழுது எதுன்னு இருக்கும்.

காசு விஷயத்த ஆள் வர்றதுக்கு முந்தியே கதைச்சிருங்க, கண்டியில இருந்து பதுளைக்கோ நாவலப்பிட்டிக்கோ ஆள் வரணும்னா வந்து பாக்கிறதுக்கே தனி காசு இருக்கும், ரிப்பேர் பண்ணலன்னாலும் அத எடுப்பாங்களான்னு கேட்டுக்கங்க. என்.வி.கியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் உள்ள ஆளான்னு கேக்க வெக்கப்பட வேணாம், குளிரூட்டி வேலைக்குன்னே அது இருக்கு. வாரண்டி காலத்துல வெளி ஆள விட்டு தொறந்துட்டா அப்புறம் கம்பனி வாரண்டி தராம போகலாம், அதோட கம்ப்ரசருக்கு உள்ள வாரண்டி வேற, மத்த சாமான்களுக்கு உள்ளது வேற, கார்ட எடுத்து வாசிங்க. மாத்தின பழைய சாமான கையில வாங்கிக்கங்க, பில்லுல எந்த கேஸ், எத்தன கிராம், லீக் எங்க இருந்துச்சு, செஞ்ச வேலைக்கு எத்தன மாச கேரண்டின்னு எழுதி வாங்குங்க, வெறும் "ஏசி ரிப்பேர்"னு மட்டும் போட்டு தந்தா திருப்பி குடுத்து எழுத சொல்லுங்க.