பழைய கணினிகளில் நிரல் எழுதுவோர் மெமரி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியில் பேசிக் மொழி நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘அவுட் ஆஃப் மெமரி’ என்று நின்றுவிடும். உடனே ரெம் வரிகளை (விளக்கக் குறிப்புகளை) அழிக்க உட்காராதீர்கள். இடம் எங்கே தீர்ந்தது என்று முதலில் பாருங்கள்.

ஆன் செய்ததும் 38,911 பைட் காலி என்று காட்டும் மெஷின் அது. அதில் பாதி மிச்சமிருந்தாலும் இந்தச் செய்தி வரும். சப்ரூட்டின் எனும் துணை நிரலுக்குப் போகச் சொல்லும் கோசப் கட்டளை, தான் திரும்ப வேண்டிய இடத்தை ப்ராசஸரின் ஸ்டாக் எனும் தற்காலிகக் குறிப்பிடத்தில் குறித்து வைக்கிறது. அந்த ஸ்டாக் மொத்தமே 256 பைட். சப்ரூட்டினுக்குள் நுழைந்துவிட்டு ரிட்டர்ன் இல்லாமல் கோட்டூ போட்டு வெளியே தாவினால், அந்தக் குறிப்பு அங்கேயே தங்கிவிடும். இருபது சொச்சம் தாவலில் ஸ்டாக் நிரம்பிவிடும். எத்தனை ரெம்மை அழித்தாலும் இது சரியாகாது. நான் பார்த்தவரை, ஆட்களை அதிக நேரம் அலையவிடும் தவறு இதுதான்.

மிச்சம் பார்க்க ஃப்ரே(0) போட்டால் மைனஸில் எண் வருகிறதா? பயம் வேண்டாம். 32,767ஐத் தாண்டினால் அப்படித்தான் காட்டும், 65,536ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மதிப்பை வைக்கும் மாறியின் பெயரோடு % சேர்த்து முழு எண் மாறியாக்கினால் இடம் மிச்சம் என்ற நம்பிக்கையும் பாதிதான் உண்மை. தனி மாறி எப்படியும் 7 பைட் எடுக்கும். பல மதிப்புகளை வரிசையாக அடுக்கும் அணியில்தான் லாபம்: உறுப்புக்கு 5 பைட்டுக்குப் பதில் 2.

பழைய பிசிகளின் டாஸில் ஓடும் டர்போ பாஸ்கல் மொழிக்கு வந்தால், 640 கேபி இருக்கிறதே என்று கை தாராளமாகிவிடும். ஆனால் நிரல் முழுவதற்கும் பொதுவான குளோபல் மாறிகள் எல்லாம் சேர்ந்து 64 கேபி செக்மென்ட் (மெமரிப் பகுதி) ஒன்றுக்குள் அடங்க வேண்டும். 200க்கு 200 ரியல் (தசம எண்) அணி, உறுப்புக்கு 6 பைட் வீதம், 2,40,000 பைட். கம்பைலரே ஏற்காது. அதற்காகக் கணக்கையே சுருக்கிவிடாதீர்கள். ஒவ்வொரு வரிசையையும், நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரியான ஹீப்பில் தனித்தனியாக நியூ போட்டு வாங்குங்கள். வரிசைக்கு 1,200 பைட். குளோபலில் அந்த வரிசைகளின் முகவரியை வைக்கும் 200 பாயின்டர்கள் இருந்தால் போதும், 800 பைட்டில் முடிந்தது.

பெரிய அணியை ப்ரொசீஜருக்குள் லோக்கலாக வைத்துத் தப்பிக்கவும் பார்க்காதீர்கள். லோக்கல் மாறிகள் தங்கும் ஸ்டாக், நாம் மாற்றாதவரை, 16 கேபிதான்.

ஹீப்பில் கேட்பதற்கு முன் மெம்அவெய்லை மட்டும் நம்புவதும் ஆபத்து. அது அங்கங்கே சிதறிக் கிடக்கும் காலி இடங்களின் கூட்டுத்தொகை. ஒரே துண்டாக எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வது மேக்ஸ்அவெய்ல். 1,200 பைட் வரிசையை வாங்குமுன் கேட்க வேண்டியது அதைத்தான்.