கிராமத்துக்கு அனுப்பப்பட்ட சீனத் தலைமுறையைப் பேட்டி எடுப்பது எப்படி?

படித்த நகர இளைஞர்கள் கிராமத்துக்குப் போக வேண்டும் என்று 1968 டிசம்பரில் சீனத் தலைவர் மாவோ விடுத்த அழைப்புக்குப் பிறகு ஷாங்காய், பெய்ஜிங் போன்ற நகரங்களின் பள்ளிப் பிள்ளைகள் வடகிழக்கில் உள்ள ஹெய்லோங்ஜியாங்குக்கும் தென்மேற்கில் உள்ள யுன்னானுக்கும் வயல் வேலைக்குப் போனார்கள். இன்று பெரும்பாலும் எழுபதைத் தொட்டுவிட்ட அவர்களிடம் பேச வேண்டுமென்றால், அவர்கள் நம்பும் ஒருவர் வழியாகப் போங்கள்.

எடுத்த எடுப்பில் கலாச்சாரப் புரட்சியைப் பற்றி, அதாவது 1966-ல் மாவோ தொடங்கிய அரசியல் இயக்கத்தைப் பற்றி, என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள், தயாராக வைத்திருக்கும் பதில்தான் வரும். என்ன சாப்பிட்டீர்கள், ஒரு நாள் உழைப்புக்கு எத்தனை வேலைப் புள்ளி (கூலியைக் கணக்கிட உழைப்புக்குத் தந்த மதிப்பெண்), பெண்களுக்கும் அதே அளவா என்று கேளுங்கள், அப்புறம் பழைய போட்டோ இருந்தால் காட்டச் சொல்லுங்கள், பேச்சு தானாகவே ஆழமாகப் போகும். பழைய தோழர்கள் கூடியிருக்கும்போது இளமைக்கால உற்சாகம்தான் மேலே வரும். அதே ஆளைத் தனியாகச் சந்தித்தால் நின்றுபோன படிப்பு, அங்கேயே கல்யாணமாகி நகரம் திரும்ப முடியாமல் போனது எல்லாம் வெளிவரலாம். இரண்டுமே உண்மை, இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

ஷாங்காய்க்காரரை அவருடைய ஊர்ப் பேச்சிலேயே பேச விடுங்கள். படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் சிலர் ஒதுங்கிவிடுவார்கள், சம்மதத்தை ஒலிப்பதிவிலேயே வாங்கலாம். அந்தப் பதிவைச் சீனச் செய்திச் செயலியான வீசாட்டில் அனுப்பவே அனுப்பாதீர்கள், அங்கே கண்காணிப்பு உண்டு. எழுதும்போது ஆளின் பெயரோடு அவர் வேலை செய்த பண்ணையின் பெயரையும் மாற்றுங்கள், சரியா?