பழைய ஆங்கிலேய வெள்ளியில் குலச்சின்னத்தைப் படித்தறியும் முறை

குலச்சின்னம் பொறித்த ஆங்கிலேய வெள்ளித் தாம்பாளம் கைக்கு வந்ததும், அது எந்தக் குடும்பத்துடையது என்று தேடத் தோன்றும். பாத்திரத்தின் வயதை அறியாமல் தேடினால் தாத்தாவின் பொருளைப் பேரன் கணக்கில் எழுதிவிடுவோம். ஆகவே வயதிலிருந்து தொடங்குங்கள். பத்து மடங்கு பூதக்கண்ணாடியும் பக்கவாட்டில் விழும் வெளிச்சமும் போதும்.

முதலில் அடிப்பக்கத்து முத்திரைகளைப் பாருங்கள். முன்னங்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம் 92.5 சதவீத வெள்ளிக்கு அடையாளம். நங்கூரம், வெள்ளியைச் சோதித்து முத்திரையிட்ட ஊர் பர்மிங்காம் என்று குறிக்கும். வேறு ஊர் முத்திரை இல்லாவிட்டால் சிறுத்தைத் தலை லண்டனைக் குறிக்கும். அரசர் அல்லது அரசியின் தலை, 1784 முதல் 1890 வரை வாங்கப்பட்ட வரிக்கான முத்திரை. தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். ஆனால் அதே எழுத்து சுற்றுமுறையில் மீண்டும் வருவதால், எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே அட்டவணையோடு ஒப்பிட வேண்டும்.

அடுத்தது, குலச்சின்னம் வரையப்பட்டிருக்கும் கேடய வடிவம். வெள்ளியில் வண்ணம் தீட்ட முடியாததால், பொறிப்பவர்கள் நிறங்களைக் கோடுகளால் காட்டினார்கள்: செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெறுமையான பரப்பு வெள்ளி. கேடயம் நெடுக்கில் இரண்டாகப் பிரிந்திருந்தால், நமக்கு இடப்பக்கம் இருப்பது கணவருடைய சின்னம், வலப்பக்கம் மனைவி பிறந்த வீட்டுடையது. இதே பிரிவு கேடயத்துக்குப் பதிலாகச் சாய்சதுரத்துக்குள் இருந்தால், உரிமையாளர் கணவரை இழந்தவர். ஒரு குடும்பத்தின் துயரம் ஒரு கட்டத்தின் வடிவத்தில் பதிந்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

இப்போது முத்திரை சொல்லும் வயதையும் சின்னத்தின் பாணியையும் பொருத்திப் பாருங்கள். சிப்பியும் சுருள் இலைகளுமாக ஒருபுறம் சாய்ந்த அலங்காரச் சட்டம் 1740களையொட்டிய பாணி. அந்தக் காலத்துத் தாம்பாளத்தில் 1790களின் எளிய கேடயம் இருந்தால், பழைய சின்னத்தைச் சுரண்டிவிட்டுப் புதியதைப் பொறித்திருக்கலாம். சின்னத்தின் மேல் மெல்ல மூச்சை ஊதினால், அழிக்கப்பட்ட கோடுகள் சில வேளைகளில் அந்த ஈரப்படலத்தில் நிழலாகத் தெரியும். சுரண்டிய இடத்தில் தகடும் மெலிந்திருக்கும்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக் கரண்டிகளில் சின்னத்தைக் காம்பின் பின்புறத்தில் தேடுங்கள், ஏனெனில் அப்போது கரண்டியை மேசையில் கவிழ்த்தே வைத்தார்கள். கரண்டியில் பெரும்பாலும் கேடயம் இருக்காது. முழுச் சின்னத்தில் கேடயத்துக்கு மேல் வரையப்படும் தலைக்கவசத்தின் உச்சியில் அமரும் சிறு உருவம் மட்டுமே இருக்கும். ஒரே உருவத்தைப் பல குடும்பங்கள் பயன்படுத்தியதால், அதை மட்டும் வைத்து உரிமையாளரை முடிவு செய்யாதீர்கள்.

எந்த நிலையிலும் விபூதியோ பல்பொடியோ போட்டுத் தேய்க்க வேண்டாம். நிறம் சொல்லும் அந்த மயிரிழைக் கோடுகள்தான் முதலில் தேய்ந்துபோகும்.